பதினேழு பக்கங்களில் ஆறாவது

கதையில் தற்செயலாக ஒன்று நடந்தால் எழுதியவன் சோம்பேறி என்று என் நண்பன் சொல்வான். நான் அதை ஒப்புக்கொண்டதில்லை. வாழ்க்கையில் தற்செயல் இல்லையா என்று கேட்பேன். இருக்கட்டும், வாழ்க்கைக்கு யாரும் அட்டை போட்டு நூலகத்தில் வைக்கவில்லையே என்பான்.

இந்தச் சண்டை வாரத்தில் ஒரு நாள்தான் நடக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் இருவருக்கும் வேலை. அவன் காலை ஷிப்ட் என்றால் நான் மதிய ஷிப்ட். ஆனால் வியாழக்கிழமை ஆலை ஓடாது. தேய்ந்த உருளைகளைக் கழற்றி மாற்றும் நாள் அது. அன்று எல்லோருக்கும் ஒரே பகல் வேலை. பொன்னேரியில் ஒன்றாக ரயில் ஏறுவோம். இருபது நிமிடம். உட்கார இடம் கிடைத்தால் கதை, கிடைக்காவிட்டாலும் கதை.

"இன்னா வாத்யாரே, கடேசில அவன பாம்பு கடிக்குது. பாம்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"கரும்புத் தோட்டம்ப்பா. பாம்பு இருக்காதா?"

"இருக்கும். இருக்குதுன்னு நாலு பக்கம் முன்னாடியே காட்டியிருக்கணும்ல? எழுதறவனுக்கு முடிக்கத் தெரியல. பாம்ப இட்டாந்து வுட்டுட்டான்."

நான் பி.யூ.சி. படித்தவன் என்பதால் எனக்கு வாத்தியார் பட்டம். அவன் எட்டாவதோடு நின்றவன். அவன் அப்பாவும் அப்பாவின் அப்பாவும் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் ஆலைக்குள் கால் வைத்த முதல் ஆள் அவன்தான். பொன்னேரி கிளை நூலகத்தில் இருந்து அவன் எடுத்துப் படித்த புத்தகங்கள் இருநூற்றுப் பதினான்கு. நான் எடுத்தவை நூற்று அறுபத்தொன்று. எண்ணியிருக்கிறேன். எண்ணாமல் இருக்க எனக்கு வராது. பொன்னேரி நிலைய மேம்பாலத்தில் எத்தனை படி, எங்கள் தெருவில் எத்தனை விளக்கு எரியவில்லை, மாத்திரை அட்டையில் எத்தனை மிச்சம், எல்லாம் தானாக மனத்தில் ஓடும். என் மனைவி இதை வியாதி என்கிறாள்.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. உலையில் பழுத்த இரும்பு, உருளைகளுக்கு நடுவே நுழைந்து மறுபக்கம் நீளமாக வெளியே வரும். சிவந்த பாம்பு மாதிரி. வரும்போதே அதன் தலையை நீளமான குறட்டால் பிடித்து, திருப்பி, அடுத்த உருளையில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள், காடி என்போம், நுழைக்க வேண்டும். பிடிக்க இரண்டு நொடி. இப்போது பெரிய ஆலைகளில் இதையெல்லாம் இயந்திரம் செய்கிறது. அப்போது எங்கள் ஆலையில் மனிதன்தான் செய்தான். குறடு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, மூன்று கிலோ இருநூறு கிராம். கைப்பிடியில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருப்போம். ஒருவன் கைக்குப் பழகிய குறடு இன்னொருவனுக்குச் சரிப்படாது. எனக்கும் அவனுக்கும் உள்ளங்கை ஒரே அளவு. ஆகவே ஒரே குறடு, ஒரே இடம். அவன் முடித்தால் நான், நான் முடித்தால் அவன்.

எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. குறட்டைத் தரையில் வைப்பதில்லை. ஷிப்ட் மாறும்போது அவன் கையில் இருந்து என் கைக்கு, என் கையில் இருந்து அவன் கைக்கு. ஆறு வருடம் அப்படி நடந்தது. ஆயிரம் முறைக்குக் குறையாது.

இனி அந்த நாள். எனக்கு மதியம் இரண்டு மணி ஷிப்ட். வழக்கமாக ஆலை வாசலில் 1.48க்குக் கார்டு அடித்துவிடுவேன். அன்று பொன்னேரியில் ரயில் சரியாகத்தான் கிளம்பியது. ஆரணி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு எருமை அடிபட்டது. ரயில் இருபத்தொன்பது நிமிடம் நின்றது. இரண்டு மணிக்குச் சங்கு ஊதியபோது நான் கும்மிடிப்பூண்டி நிலையப் படிகளில் ஓடிக்கொண்டிருந்தேன். ஆலை ஷிப்ட் மாறும்போது நிற்காது. மாற்று ஆள் வரும்வரை பழைய ஆள் நிற்க வேண்டும். அவன் நின்றான். நான் கார்டை மிஷினில் நுழைத்தேன், 2.17 என்று விழுந்தது, அந்த நேரத்தில் ஆலையின் சத்தம் நின்றது. நடு ஷிப்டில் நிற்காத சத்தம் அது. ஒரு கம்பி, காடிக்குள் நுழையாமல் மேலே எழும்பி அவன் பக்கமாக வளைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் போய்விட்டான். அவனுக்கு முப்பத்தெட்டு. எனக்கு நாற்பத்தொன்று. அவன் பெண்ணுக்கு ஏழு, பையனுக்கு நாலு.

எருமை ஐந்து நிமிடம் பின்னால் வந்திருந்தால். நான் அதற்கு முந்தைய ரயிலில் போயிருந்தால். இந்த இருந்தால்களை நான் எண்ணி முடித்ததில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். விதி என்றார்கள். கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்றார்கள். எருமை எமனுடைய வாகனமாச்சே என்று ஒருவர் என் காதருகே சொன்னார். எனக்கு அவன் குரல்தான் கேட்டது. எருமை எங்கேர்ந்து வந்துச்சு வாத்யாரே? நாலு பக்கம் முன்னாடியே காட்டியிருக்கணும்ல?

அந்த இடத்தில் மறுபடி நிற்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். படித்தவன் என்பதால் நேரக் கண்காணிப்பு அலுவலகத்தில் போட்டார்கள். பதினேழு வருடம் பிறருடைய கார்டுகளைப் பார்த்துவிட்டு ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றேன். குறட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. சாக்கில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தேன், நிற்கிற மாதிரி, சுவரில் சாய்த்து. என் மனைவி பெருக்கும்போதெல்லாம் திட்டுவாள்.

இப்போது எழுபத்திரண்டு. நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு வாசகர் வட்டம் கூடும். வழக்கமாக ஒன்பது பேர் வருவோம். அங்கே மின்விசிறிகள் ஆறு, சுற்றுபவை நான்கு. இதைப் பற்றி நான் மேலதிகாரிக்கு மூன்று கடிதம் எழுதினேன். நூலகர் அம்மாள் மூன்றாவது கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயா, நல்ல கையெழுத்து, பிழையே இல்ல. இந்தக் கையால ஒரு கதை எழுதிக்கினு வந்து வட்டத்துல படிங்களேன். ஃபேனுக்கும் ஒரு ரெஸ்ட்டு கெடைக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். இரண்டு மணியில் இருந்து 2.17 வரை பதினேழு நிமிடம், பதினேழு பக்கம். நிமிடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு பக்கத்திலும் அந்த நிமிடத்தில் அவன் என்ன செய்தான், அவனை அங்கே நிறுத்தியது எது. தற்செயல் என்ற சொல் எங்கேயும் வரக் கூடாது. அவன் படித்தால் சோம்பேறி என்று சொல்லக் கூடாது.

முதல் தடவை எழுதியதில் இரண்டாம் பக்கத்திலேயே எருமை குறுக்கே வந்து நின்றது. எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் எழுத முடியாது. கிளம்பினேன்.

"எருமய தேடிக்கினு போறேன்னு மட்டும் வெளிய சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "செத்து முப்பத்தோரு வருசம் ஆன எருமைய."

மூன்று தடவை போனேன். ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் தண்டவாளத்தை ஒட்டி நெல் வயல்கள். முதல் இரண்டு தடவை கேட்டவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். மூன்றாம் தடவை ஒரு டீக்கடையில் கை காட்டினார்கள். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், என் வயதுக்கு நாலைந்து குறைந்த ஒருவர், வரப்பில் மண் வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். சொந்த நிலம். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டார்.

"ரயில்வேகாரரா நீங்க?"

"இல்லீங்க. ரிட்டயர் ஆனவன்."

"ரயில்வேல ரிட்டயரா?"

"இல்ல, கம்பி கம்பெனில."

"கம்பி கம்பெனிக்கும் எங்க எருமைக்கும் இன்னா நைனா? இத்தினி வருசம் கழிச்சி கேஸ் போடப் போறியா?"

சொன்னேன். ரயில் நின்றது, நான் தாமதமானது, அவன் நின்றது, முழுவதும். அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன், முழங்கால் வலித்தாலும்.

"அது மேயப் போவல நைனா. எல்லாரும் அப்டித்தான் நெனச்சாங்க, கட்டாம வுட்டுட்டோம்னு. கட்டித்தான் இருந்துச்சு. அன்னிக்கு காலைல அதோட கிடேரிக் கன்ன என் தங்கச்சி ஊட்டுக்கு ஓட்டி அனுப்சோம். கண்ணாலம் ஆயி ஒரு மாசம், சீரு மாதிரி. அந்தா தெரியுது பாரு, லைனுக்கு அந்தாண்ட, அந்த ஊரு. காலைலேர்ந்து கத்திக்கினே இருந்துச்சு. மதியம் மொளக்குச்சியோட புடுங்கிக்கினு, கன்னு போன தடத்துலயே போச்சு."

"கன்னைத் தேடி."

"கன்னத் தேடித்தான். வேற எங்க போவும்?" சற்று நேரம் தண்டவாளத்தைப் பார்த்தார். "ஒரு மனுசன் போனான்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஊட்டுக்கு வந்து ஒரு வார்த்த கேட்டிருப்போம்."

அவர் என்னை டீ குடிக்காமல் விடவில்லை. திரும்பி வரும்போது எனக்கு நடை வேகமாக இருந்தது. எருமைக்குக் காரணம் இருந்தது. ரயில் ஓட்டியவர் தண்டவாளம் சரியாக இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தார், அவர் வேலை அது. கம்பி எழும்பியதற்குக் காரணம் இருந்தது, அதன் தலை உலையில் சரியாகப் பழுக்கவில்லை என்று அன்றைக்கே எங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவரும் தத்தம் காரியத்தைத்தான் செய்தார்கள். எதுவும் வானத்தில் இருந்து விழவில்லை. ஐந்து வாரத்தில் பதினேழு பக்கத்தையும் முடித்தேன்.

வட்டத்தில் படிக்கும் முன் அவன் மனைவியிடம் படித்துக் காட்ட வேண்டும். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவன் போன பிறகு ஒரு கிறிஸ்துமஸ் தவறாமல் அந்த வீட்டில் இருந்து எனக்குச் சாப்பாடு வந்திருக்கிறது. முப்பத்தொரு கிறிஸ்துமஸ். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. இந்த ஊர்ப் பக்கம் என்னை அண்ணா என்று கூப்பிடும் வீடு அது ஒன்றுதான்.

கும்மிடிப்பூண்டியில் பையன் கட்டிய இரண்டு அறை வீடு. பையன் ஒரு ரசாயன ஆலையில் வேலை பார்க்கிறான். பெண் திருவள்ளூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நான் போனபோது தங்கச்சி தரையில் உட்கார்ந்து முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"படிண்ணா. காதுதான் கேக்குது, கை சும்மா இருக்க வாணாம்" என்றாள்.

படித்து முடிக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. எருமை கன்றைத் தேடிப் போன இடத்தில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்றபடி கீரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"எல்லாம் கீதுண்ணா. எருமைக்கு ரெண்டு பக்கம் போட்டுக்கிற. டிரைவருக்கு ஒண்ணு. ஆறாவது பக்கத்துல இன்னா எழுதிக்கிற?"

எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. "அவன் தண்ணி குடிச்சான்னு."

"ஒரு பக்கம் பூரா தண்ணியா குடிச்சாரு?"

"உலை பக்கம்மா. தாகமா இருந்திருக்கும்."

"ண்ணா."

முறத்தை ஒதுக்கி வைத்தாள்.

"கம்பெனி மேஸ்திரி எங்கிட்ட சொல்லிட்டாரு. கல்லற தோட்டத்துலயே சொல்லிட்டாரு. 'மணி ரெண்டு தாண்டிப் போச்சு, நீ போப்பா, ஆள் நிறுத்தறேன்னு சொன்னேம்மா. ஆளக் கூட இட்டாந்து பக்கத்துல நிறுத்தினேன். கொறட வாத்யாரு கையிலதான் குடுப்பேன், வரட்டும்னு நின்னுட்டான்'னாரு."

விபத்து நடந்த அன்று சாயங்காலமே மேஸ்திரி என்னிடமும் இதைத்தான் சொன்னார். 2.06 என்று நேரத்தோடு சொன்னார். அவளுக்குத் தெரியாது என்று முப்பத்தொரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கப் போவதில்லை. அடித்துவிட்டால் நான் எப்படி ஒளித்தேன் என்பது தெரியாமல் போய்விடும். அது வழக்கம் இல்லை. நான் போட்ட சட்டம்.

அதற்கு ஆறு வருடம் முன்பு ஒரு நாள் நான் ஐந்து நிமிடம் தாமதமாகப் போனேன். அவன் குறட்டைச் சுவர் ஓரமாகத் தரையில் வைத்துவிட்டு, பெண்ணுக்குக் காய்ச்சல் என்று ஓடிவிட்டான். ஒப்பந்த ஆள் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று வாய் தளர்ந்த வேறொரு குறட்டால் நான் வேலை செய்தேன். கம்பி நழுவி இடது முழங்கைக்குக் கீழே இழுத்தது. தழும்பு பதினோரு சென்டிமீட்டர். மறுநாள் நான் அவனை விட்டேனா? எல்லோர் எதிரிலும் கத்தினேன். "இனிமே கொறடு தரைல பட்டா நமக்குள்ள பேச்சு கெடையாது. கையில குடு. நான் வர்ற வரைக்கும் நில்லு." அவன் என் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி வாத்யாரே, கர்த்தர் மேல ஆண, கையிலதான்" என்றான். ஒரு வாரத்தில் எனக்கு ஆறிவிட்டது. சட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பதும் சரியில்லை. அவன் எனக்காக நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

"தெரிஞ்சும் ஏம்மா என்னை ஒரு தடவ கூட கேக்கல?" என்றேன்.

"இன்னாத்த கேக்கறது? இந்த ஊட்டுக்குள்ள வரும்போது நீ என் மூஞ்சிய பாத்து வந்ததே இல்ல. தரைய பாத்துக்கினு வருவ. மொதல்ல கோவமாத்தான் இருந்துச்சு. ரெண்டு வருசம் உனக்கு சோறு குடுத்து அனுப்ச்சதே அவரு அம்மா சொல்லித்தான். அப்பறம் கோவம் போச்சு. நீயா சொல்லுவன்னு பாத்தேன். உலகத்துல கீற எல்லாத்தயும் எண்ணுவ, இத்த மட்டும் எண்ண மாட்ட."

நான் பக்கங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

"பசங்களுக்கு இதக் காட்டணும்ண்ணா. அவங்கப்பா எருமையால செத்தாருன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்துச்சுங்க. ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்களாம். அவரு குடுத்த வார்த்தைக்கு நின்னாருன்னு எழுது. யாருக்குக் குடுத்தாருன்னும் எழுது. முடியலன்னா இந்தப் பேப்பர எடுத்துக்கினு போயிடு, எனக்கு வாணாம்."

பேப்பரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

எழுபத்திரண்டு வயதில் ஒரு பக்கம் எழுத எவ்வளவு நேரமாகும்? எட்டு நாள் நூலகத்தில் காலை பத்தில் இருந்து ஒன்று வரை உட்கார்ந்தேன், சுற்றாத விசிறிக்குக் கீழே, அங்கேதான் பேச ஆள் வராது. முதல் தடவை எழுதியதில் என் தழும்பு பெரிதாகிவிட்டது. படிப்பவர் என்மேல் இரக்கப்படுகிற மாதிரி. கிழித்தேன். இரண்டாவதில் என்னை நானே கொலைகாரன் என்றேன். அதுவும் பொய். அப்படி எழுதினால் அவன் என் கையாளாகிவிடுகிறான், தானாக எதையும் முடிவு செய்யத் தெரியாதவன். மூன்றாவதில் மேஸ்திரிமேல் பழி போட்டேன். ஒவ்வொரு தடவையும் ரயில் பெட்டியில் எதிரே உட்கார்ந்து அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். சோம்பேறி, சோம்பேறி.

ஒன்பதாவது தடவை வந்தது. நீளமாக இல்லை. மேஸ்திரி போகச் சொன்னார். பக்கத்தில் ஆள் நின்றான். இவனுக்குப் பசி, வீட்டில் மீன் குழம்பு. போயிருக்கலாம். குறட்டை அந்த ஆளிடம் கொடுத்தால் பிறகு அது எங்கே போகும் என்று இவனுக்குத் தெரியும். நான் வந்து வேறு குறட்டைப் பிடிப்பேன் என்றும் தெரியும். என் இடது கையை இவன் பார்த்திருக்கிறான். நான் சத்தம் போட்டுச் சட்டம் போட்டேன், அது உண்மை. நான் இன்னொரு தடவை சுட்டுக்கொள்ளக் கூடாது என்று இவன் நின்றான், அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்கவில்லை.

எழுதி முடித்தபோது ஒன்று புரிந்தது. எருமைக்கு ஒரு தடம் இருந்தது. இவன் நின்றதற்கும் ஒரு தடம் இருந்தது. இரண்டும் 2.17ல் ஏன் சேர்ந்தன என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, நூறு பக்கம் எழுதினாலும் வராது. ஆனால் தடங்களை எழுதலாம். யார் யாரைத் தேடிப் போனார்கள், யார் யாருக்காக நின்றார்கள் என்று எழுதலாம். அது என்னால் முடியும். முடிகிற வரைக்கும் செய்வேன்.

பீரோவுக்குப் பின்னால் இருந்து குறட்டை எடுத்தேன். மனைவி என்னைப் பார்த்துவிட்டு, சாக்கைத் தட்டிச் சுற்றிக் கொடுத்தாள். ரயிலில் அதை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டேன். எதிரே ஷிப்டுக்குப் போகிற ஆட்கள் நான்கு பேர்.

"இன்னா பெரியவரே, பாம்பு புடிக்கப் போறியா?" என்றான் ஒருவன்.

"இல்லப்பா. பாம்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லப் போறேன்" என்றேன்.

பெரிசுக்கு மெண்டல் என்று அடுத்தவனிடம் சொன்னான். இருக்கட்டும். ரயில் ஒரு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.

தங்கச்சி இந்தத் தடவை கையில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரே உட்கார்ந்தாள். ஆறாவது பக்கத்தை மட்டும் படித்தேன். நான்கு நிமிடம். இரண்டு இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படித்தேன். என்னைப் பற்றி எழுதிய இடத்தில் தரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் படித்தேன்.

"மீன் கொழம்பு யாரு சொன்னது?" என்றாள்.

"அன்னிக்கு சாயங்காலம் நான் பொன்னேரி வீட்டுக்கு வந்தப்ப அடுப்பு மேல இருந்துது."

"வவ்வாலு மீனு" என்றாள். "அதயும் எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அவள் பேப்பரை வாங்கி, படிக்காமல், மடியில் வைத்து நீவிவிட்டாள். பிறகு சாக்கைப் பார்த்தாள். நான் எழுந்து அவிழ்த்தேன். கைப்பிடியில் சுற்றிய டியூப் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. இதை அவளிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் எடுத்து வந்தேன். இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"கீழ வைண்ணா."

நான் நீட்டியபடியே நின்றேன். மூன்று கிலோ இருநூறு இந்த வயதில் அதிகம்.

"புது டைல்ஸ்மா. பேப்பர் எதனா போடட்டுமா?"

"ஒடஞ்சா ஒடையட்டும். வை."

முழங்கால் இரண்டும் கத்தின. குனிந்து, முதலில் அதன் வாயையும் பிறகு பிடியையும் தரையில் விட்டேன். சத்தம் வந்தது. நிமிரும் முன் விரலால் தடவிப் பார்த்தேன். டைல்ஸ் உடையவில்லை.